‘ரெபெக்கா’ நாவலைப் படிப்பது எப்படி: உளவியல் த்ரில்லரை ருசித்துப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

உளவியல் த்ரில்லர் ஒன்றைச் சிபாரிசு செய்தால், பலரும் முதலில் கேட்பது “கடைசியில் ட்விஸ்ட் இருக்கா?” என்றுதான். இருக்கும். ஆனால் ட்விஸ்ட்டுக்காக மட்டும் படித்த புத்தகம் மறுவாரமே மறந்துபோகும். டாஃப்னி டு மாரியே எழுதி 1938-இல் வெளிவந்த ‘ரெபெக்கா’வை முடிவு தெரிந்த பிறகும் நான் நான்கு தடவை படித்திருக்கிறேன். டெலிபோன் மணி அடிக்கும் இடத்தில் இப்போதும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. நடக்கப்போவது ஒவ்வொரு வரியும் தெரியும். அப்புறம் ஏன் பயம்? அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு படிப்பு முறையை உண்டாக்கிக்கொண்டேன். அதையே இங்கே தருகிறேன்.

கதை தெரியாதவர்களுக்கு, ருசி கெடாத அளவுக்கு: தாய் தகப்பன் இல்லாத இளம்பெண் ஒருத்தி, பணக்கார அமெரிக்க அம்மாள் ஒருவரிடம் ஆண்டுக்கு 90 பவுண்டு சம்பளத்துக்குத் துணையாக வேலை பார்க்கிறாள். மாண்டி கார்லோ ஓட்டலில் மாக்ஸிம் டி வின்டர் என்பவரைச் சந்திக்கிறாள். மனைவியைப் பறிகொடுத்தவர், இவளைவிட இருபது வயதுபோல மூத்தவர். சில வாரங்களில் கல்யாணம். இங்கிலாந்தில் கடலோரம் இருக்கும் மேண்டர்லி என்ற பெரிய மாளிகைக்கு இரண்டாம் தாரமாகப் போகிறாள். அங்கே அறைகளின் ஒழுங்கு, மேசை, வேலைக்காரர்களின் பழக்கம் எல்லாம் இறந்துபோன முதல் மனைவி ரெபெக்கா வைத்துவிட்டுப் போனபடியே இருக்கின்றன.

முதல் படி: புத்தகத்தைத் திறக்கும் முன்

பதிப்புக்குப் பதிப்பு யாராவது ஒருவர் முன்னுரை எழுதியிருப்பார். அதைக் கடைசியில் படியுங்கள். முன்னுரை எழுதுபவர்கள் எல்லோருக்கும் கதை தெரியும் என்ற நினைப்பில் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1940-இல் எடுத்த படத்தையும் ஒத்திப்போடுங்கள். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது, அருமையான படம்தான். ஆனால் நாவலின் நடுநரம்பு ஒன்றை அது மாற்றிவிட்டது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். வஹீதா ரஹ்மான் நடித்து 1964-இல் வந்த ‘கோஹ்ரா’ என்ற இந்திப் படமும் இந்தக் கதைதான். அதுவும் அப்புறம்.

நேரம் ஒதுக்குவதைப் பற்றி: பஸ்ஸில் ஐந்து பக்கம், படுக்கும் முன் மூன்று பக்கம் என்று இதைப் படிக்க முடியாது. மொத்தம் 27 அத்தியாயங்கள். முதல் ஏழையாவது இரண்டு உட்காரலில் முடித்துவிடுங்கள். ஆரம்பம் மெதுவாகப் போகும். பலர் புத்தகத்தை மூடிவைப்பது இங்கேதான், முதல் தடவை நானும் மூடிவைத்தேன். அந்த மெதுவுக்குக் காரணம் இருக்கிறது. யாரும் ஒரு பொருட்டாக மதிக்காத பெண்ணாக இருப்பது எப்படி என்று ஓட்டல் பக்கங்களில் நமக்குப் பழகிவிட வேண்டும். பழகினால்தான் மேண்டர்லியின் படியேறும்போது நம் கையும் நடுங்கும்.

ஆங்கிலத்தில் படிப்பவர்கள் ஒவ்வொரு செடிப் பெயருக்கும் அகராதியைத் தேட வேண்டாம். ரோடோடெண்ட்ரான், அஸேலியா என்ற இரண்டை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்கிறார்களே, ரத்தச் சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் மரம், அதன் உறவுதான் ரோடோடெண்ட்ரான். மேண்டர்லிக்குப் போகும் பாதையில் அது இரண்டு பக்கமும் சுவர்போல நின்று மறிக்கிறது. அஸேலியாவின் வாசம் வேறொரு வேலை செய்யும்.

இரண்டாம் படி: முதல் இரண்டு அத்தியாயங்களை ஒப்பந்தம்போலப் படியுங்கள்

நாவல் ஒரு கனவில் தொடங்குகிறது. கதை சொல்பவள் மேண்டர்லிக்குத் திரும்பிப் போவதாகக் கனவு காண்கிறாள். பாதையைக் காடு விழுங்கியிருக்கிறது. அடுத்த அத்தியாயத்தில் அவளும் கணவரும் ஏதோ வெளிநாட்டில், ஓட்டல் அறைகளில் நாள் கடத்துகிறார்கள். வீடு போய்விட்டது. இனி திரும்ப முடியாது. இருவரும் உயிரோடு இருக்கிறார்கள்.

பென்சிலை எடுத்து, இந்த இருபது பக்கத்துக்குள் நமக்கு எவ்வளவு தெரிந்துவிட்டது என்று ஓரத்தில் எழுதிப் பாருங்கள். வீட்டின் கதி தெரியும், இவர்கள் பிழைப்பார்கள் என்றும் தெரியும். சஸ்பென்ஸ் கதை எழுதும் வேறு யாரும் கடைசிவரை கட்டிக்காக்கும் விஷயங்களை டு மாரியே முதலிலேயே கொடுத்துவிடுகிறார். ‘என்ன ஆகும்’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு, ‘இந்த இடத்துக்கு இவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள்’ என்ற கேள்வியை வைக்கிறார். நல்ல நிலையில் இருக்கும் எதைப் பார்த்தாலும், இது அழியப்போகிறது என்ற நினைப்பு பின்னாலேயே வரும். நாலரை மணித் தேநீருக்குத் தட்டுத் தட்டாக வரும் பலகாரங்களை அவள் நினைத்துப் பார்க்கும்போதுகூட அது வருகிறது.

எழுதிய விதமும் இதோடு சேர்ந்தது. டு மாரியே 1937-இல் இந்த நாவலைத் தொடங்கியது எகிப்தின் அலெக்ஸாண்டிரியாவில். ராணுவ அதிகாரியான கணவருக்கு அங்கே பணி. அந்த வெயிலும் விருந்துகளும் அவருக்குப் பிடிக்கவில்லை. இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலோரமான கார்ன்வாலின் மழைக்கும் கடலுக்கும் ஏங்கினார். முதலில் எழுதிய சுமார் 15,000 சொற்களைப் பிடிக்காமல் கிழித்துப் போட்டார். மேண்டர்லிக்கு அவர் மனதில் இருந்த வீடுகளில் முக்கியமானது, கார்ன்வாலில் ஃபோய் ஊருக்குப் பக்கத்தில் உள்ள மெனபில்லி. பல வருஷம் வெளியே இருந்து பார்த்து ஆசைப்பட்ட அந்த வீட்டை 1943-இல்தான் குத்தகைக்கு எடுத்துக் குடிபோனார். ஆக நாவலை எழுதியபோது அது அவருக்குக் கிடைக்காத வீடு. முதல் அத்தியாயத்தின் ஏக்கம் கற்பனையில் செய்ததல்ல என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

மூன்றாம் படி: அவள் பார்த்தது, அவள் நினைத்தது

இந்த ஒரு படியை மட்டும் செய்தாலும் போதும் என்பேன். கதைசொல்லி கண்ணால் பார்த்த, காதால் கேட்ட விஷயங்களுக்கு ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். அவள் மனதுக்குள் நடத்திப் பார்க்கும் காட்சிகளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். வேலைக்காரர்கள் தன்னைப் பற்றிச் சமையலறையில் என்ன பேசுவார்கள், ரெபெக்கா இந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருப்பாள், மாக்ஸிம் இப்போது யாரை நினைத்து மௌனமாக இருக்கிறார் என்பதெல்லாம் புள்ளி.

பதினைந்து அத்தியாயம் போனதும் புரட்டிப் பாருங்கள். பக்கம் பக்கமாகப் புள்ளி. ரெபெக்கா அழகி, எல்லோரும் அவளைக் கொண்டாடினார்கள், மாக்ஸிம் இன்னும் அவளை நினைத்து உருகுகிறார் என்று நாமும் நம்பிவிட்டோம். இதில் யாராவது நேராகச் சொன்னது எவ்வளவு? மிகக் கொஞ்சம். பிஷப்பின் மனைவி அரை வாக்கியம், நாத்தனார் பியாட்ரிஸ் ஒரு தயக்கம், மாக்ஸிமுடைய பாட்டியின் மறதியில் ஒரு கூச்சல். மீதி இடத்தை இவள் நிரப்புகிறாள், நாமும் கூடச் சேர்ந்து நிரப்புகிறோம். அந்தப் பயத்தில் பாதி நம் கைவேலை. நாமே கட்டிய பயம் என்பதால்தான் அதைவிட்டு வெளியே வர முடிவதில்லை. இந்தப் புத்தகத்தின் பிடி எங்கே இருக்கிறது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

இதை ஆசிரியரே ஓரிடத்தில் காட்டிக்கொடுக்கிறார். ஒரு சாப்பாட்டு வேளையில் இவள் தன்னை ரெபெக்காவாகவே நினைத்துக்கொண்டு மனதுக்குள் பேசிச் சிரித்து நடித்துப் பார்க்கிறாள். எதிரே மாக்ஸிம் அவள் முகத்தைக் கவனித்துவிடுகிறார். திடீரென்று வயது கூடினாற்போல, கள்ளத்தனமாக இருந்தது உன் முகம், எனக்குப் பிடிக்கவில்லை என்கிறார். முதல் வாசிப்பில் அதை அவருடைய கோபம் என்று தாண்டிப் போய்விடுவோம். அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வையுங்கள்.

இன்னொன்று. இந்தப் பெண்ணின் பெயர் நாவல் முழுக்க வராது. அபூர்வமான, அழகான பெயர் என்று மாக்ஸிம் சொல்கிறார். அவர் அனுப்பிய உறைமேல் எழுத்துப் பிழையில்லாமல் எழுதியிருந்ததைப் பார்த்து அவள் சந்தோஷப்படுகிறாள். நமக்கு மட்டும் தெரியாது. செத்தவளின் பெயர் அட்டையிலேயே இருக்கிறது.

நான்காம் படி: பொருள்களைப் பின்தொடருங்கள்

பேய் ஒன்றும் வராத நாவல் இது. ரெபெக்கா வருவது பொருள்களில்தான், முக்கியமாக அவள் கையெழுத்தில். ஒரு துண்டுத்தாளில் வரிசையாகக் குறித்துக்கொண்டே போங்கள்.

முதலில் மாண்டி கார்லோவில் மாக்ஸிம் இரவல் கொடுக்கும் கவிதைப் புத்தகம். முதல் பக்கத்தில் ரெபெக்காவின் கையெழுத்து. அதில் ‘ஆர்’ என்ற எழுத்து மட்டும் மற்றவற்றைக் குள்ளமாக்கிக்கொண்டு உயரமாகச் சாய்ந்து நிற்கிறது. கல்யாணம் நிச்சயமான அன்றே இவள் அந்தத் தாளை வெட்டியெடுத்து, கிழித்து, குப்பைக்கூடையில் போட்டுத் தீக்குச்சி கிழிக்கிறாள். எல்லாம் கருகிய பிறகும் அந்த ‘ஆர்’ தீயில் முறுக்கிக்கொண்டு ஒரு கணம் முன்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அப்புறம்தான் சுருண்டு விழுகிறது. எரித்துவிட்டோம், தொலைந்தது என்று அவள் நினைக்கிறாள். மேண்டர்லியின் காலை அறையில் எழுத்துமேசையைத் திறந்தால் ஒவ்வொரு சிறு தட்டிலும் பெயர்ச்சீட்டு, அதே சாய்ந்த எழுத்து.

அந்த மேசையருகில்தான் டெலிபோன் அடிக்கிறது. எடுக்கிறாள். மறுமுனையில் மிஸஸ் டி வின்டரைக் கேட்கிறார்கள். தவறான இடம், மிஸஸ் டி வின்டர் இறந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது என்று இவள் பதறிச் சொல்லிவிடுகிறாள். சொன்ன பிறகுதான் உறைக்கிறது, இப்போது அந்தப் பெயர் தன்னுடையது என்று. பேசியது வீட்டு நிர்வாகி மிஸஸ் டேன்வர்ஸ், வீட்டுக்குள் இருக்கும் போனில், அன்றைய சமையல் பட்டியலைக் கேட்க. என் வயிறு கலங்கும் இடம் இதுதான். கொலை இல்லை, ரத்தம் இல்லை. ஒருத்தி தன் இருப்பைத் தன் வாயாலேயே மறுத்துவிடுகிறாள்.

அடுத்து மழைக்கோட்டு. கடற்கரைக்குப் போகும்போது அவசரத்துக்கு ஏதோ ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். அது அவளுக்கு நீளமாக இருக்கிறது. பையில் ஒரு கைக்குட்டை, மூலையில் ‘ஆர்’, நடுவில் உதட்டுச் சாயக் கறை. முகர்ந்தால் மங்கிய வாசம். அன்று பள்ளத்தாக்கில் பூத்திருந்த அஸேலியாவின் வாசம். கண்ணாலும் காதாலும் வந்தவள் இப்போது மூக்கு வழியாக வருகிறாள். இவ்வளவு பொறுமையாக ஒரு செத்த பெண்ணை நம் அருகே கொண்டுவந்து நிறுத்தும் எழுத்தை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை.

பிறகு பீங்கான் பொம்மை. இதில் கொஞ்சம் தங்குங்கள். காலை அறையில் ஒரு சின்ன மன்மதன் பொம்மை. நாத்தனார் பரிசாகக் கொடுத்த புத்தகங்களை மேசைமேல் அடுக்கும்போது அவை சரிந்து பொம்மை உடைந்துவிடுகிறது. யாரும் பார்க்கவில்லை. இவள் துண்டுகளைப் பொறுக்கி, ஓர் உறையில் போட்டு, இழுப்பறையின் பின்பக்கம் ஒளித்துவைக்கிறாள். நாளாகிறது. பொம்மையைக் காணோம் என்று பேச்சு எழுகிறது. ராபர்ட் என்ற பணியாள்மேல் சந்தேகம் விழ, அவன் அழுகிறான். கடைசியில் இவள் உண்மையைச் சொல்லி, மிஸஸ் டேன்வர்ஸ் முன்னால் நிற்க வேண்டியதாகிறது. அந்த வீட்டில் அவள் எஜமானி. உடைந்தது அவளுடைய பொம்மை. ஆனாலும் எச்சில் தட்டு கழுவும் சிறுமிபோல நடுங்குகிறாள். சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டுத் துண்டுகளை மறைத்த யாருக்கும் இந்தப் பயம் தெரியும். பெரிய பயங்களுக்கு முன்னால் டு மாரியே இந்தச் சின்ன பயத்தில் நம்மைப் பழக்குகிறார். பின்னால் வேறொன்று, இதைவிடப் பெரிதாக ஒளித்துவைத்தது, வெளியே வரும்போது பொம்மை நினைவுக்கு வரும்.

ஐந்தாம் படி: மிஸஸ் டேன்வர்ஸ் பேசுவதை வாய்விட்டுப் படியுங்கள்

மண்டையோடு போன்ற முகம், கறுப்பு உடை என்ற வர்ணனையை விடுங்கள். பேச்சை மட்டும் எடுத்து உரக்கப் படியுங்கள். மரியாதை குறைந்த ஒரு சொல்கூடச் சிக்காது, பெரும்பாலும் “மேடம்” என்றுதான் முடிக்கிறாள். ஆனால் ‘மிஸஸ் டி வின்டர்’ என்று அவள் சொல்லும்போது குறிப்பது செத்தவளை. உயிரோடு எதிரில் நிற்பவளுக்கு வெறும் மேடம். மேற்குப் பக்க அறையில் ரெபெக்காவின் இரவு உடையையும் சீப்பையும் எடுத்துக்காட்டும் இடத்தை இப்படி வாய்விட்டுப் படித்தால், அவள் மிரட்டுகிறாளா, துக்கம் தாங்காமல் பேசுகிறாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எனக்கு அவள்மேல் இரக்கம் உண்டு. அந்த வீட்டில் ரெபெக்காவுக்காக மனசார அழுதவள் அவள் ஒருத்திதான்.

ஆறாம் படி: படகு கிடைத்த இரவு (படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, முடித்த பிறகு வாருங்கள்)

மாறுவேட விருந்து அலங்கோலமாகிறது. மறுநாள் பனிமூட்டத்தில் ஒரு கப்பல் தரைதட்டுகிறது. அதைப் பார்க்க இறங்கிய முக்குளிப்பவன், மூழ்கிக்கிடந்த ரெபெக்காவின் படகைக் கண்டுபிடிக்கிறான். உள்ளே ஓர் உடல். அன்று மாக்ஸிம் சொல்லிவிடுகிறார்: நான் அவளை நேசிக்கவே இல்லை, வெறுத்தேன், சுட்டுக் கொன்றது நான்தான்.

இந்தப் பக்கத்தை முடித்ததும் புத்தகத்தை மூடிவைத்து, உங்கள் மனதில் முதலில் என்ன வந்தது என்று எழுதுங்கள். நேர்மையாக எழுதுங்கள். எனக்கு வந்தது நிம்மதி. ‘அப்பாடா, அவர் ரெபெக்காவை நேசிக்கவில்லை.’ கதைசொல்லிக்கும் அதேதான். ஒரு பெண்ணைக் கொன்றேன் என்று ஒருவர் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்த மனைவியும் படித்துக்கொண்டிருந்த நானும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டோம். அதற்குப் பிறகு வரும் அத்தனை அத்தியாயத்திலும், விசாரணையிலும், ரெபெக்காவின் உறவுக்காரன் ஃபேவல் பணம் பறிக்க வரும்போதும், லண்டன் டாக்டரைத் தேடிப் போகும்போதும், இவர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று பதறினேன். கொலைகாரன் தப்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஓர் இரவு கழித்து, மூன்றாம் படியின் கோடும் புள்ளியும் போட்ட பக்கங்களுக்குத் திரும்புங்கள். ரெபெக்கா கெட்டவள் என்பதற்கு நம் கையில் இருப்பது என்ன? பெரும்பகுதி, அவளைக் கொன்றவரின் வாய்மொழி. கேட்டு நமக்குச் சொல்பவள், அவரை உயிருக்கு உயிராய் நேசிப்பவள். ஃபேவலும் மிஸஸ் டேன்வர்ஸும் சொல்வது அவர் பேச்சுக்கு ஓரளவு துணை நிற்கிறது, உண்மைதான். ஆனால் ரெபெக்காவுக்குத் தன் பக்கத்தைச் சொல்ல ஒரு வரி கிடையாது. முன்பு அவள் தேவதை என்று நம்பினோம், இப்போது பிசாசு என்று நம்புகிறோம். இரண்டு தடவையும் அவளை நாம் நேரில் பார்க்கவில்லை.

ஹிட்ச்காக் படம் மாற்றியது இதைத்தான். அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதிப்படி, கொலை செய்தவன் தண்டனையில்லாமல் போகக் கூடாது. அதனால் படத்தில் ரெபெக்கா தவறி விழுந்து தலையில் அடிபட்டு இறக்கிறாள். மாக்ஸிம் உடலை மறைத்தவர், அவ்வளவே. அந்த ஒரு மாற்றத்தில் நம் கை சுத்தமாகிவிடுகிறது. நாவலில் நம் கை சுத்தமாகாது.

1938-இல் விக்டர் கொலான்ஸ் பதிப்பகம் 20,000 பிரதிகளோடு இதை வெளியிட்டபோது காதல் கதையாகவே முன்னிறுத்தியது. டு மாரியே இதைப் பொறாமை பற்றிய நாவல் என்று சொல்லிவந்தார். அவர் கணவருக்கு முன்பு வேறொரு பெண்ணுடன் திருமணம் நிச்சயமாகியிருந்தது, அவளை நினைத்துத் தமக்குள் எழுந்த பொறாமைதான் விதை. ஆறாம் படிவரை வந்தவர்கள், காதல் கதை என்ற சொல்லை இந்தப் புத்தகத்துக்கு அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டார்கள்.

ஏழாம் படி: உடனே இரண்டாம் அத்தியாயத்துக்குத் திரும்புங்கள்

கடைசிப் பக்கம் சட்டென்று முடியும். வானத்தில் செந்நிறம், கடற்காற்றில் சாம்பல், அவ்வளவுதான். அந்தச் சூடு ஆறும் முன்பே இரண்டாம் அத்தியாயத்தைத் திறங்கள். இந்தக் கதையின் உண்மையான கடைசி அத்தியாயம் அங்கேதான் இருக்கிறது.

முதல் தடவை படித்தபோது அந்தத் தம்பதி அமைதியாக, கொஞ்சம் சோகமாகத் தெரிந்தார்கள். இப்போது பாருங்கள். அவள் தன்னம்பிக்கையோடு இருக்கிறாள். அந்த இரவில் மாக்ஸிம், தனக்குப் பிடித்த உன் குழந்தைமுகம் போய்விட்டது, அது இனி வராது என்று சொன்னாரே, அது எவ்வளவு சரி என்று தெரிகிறது. அவர்தான் இப்போது எதையோ தொலைத்தவர்போல இருக்கிறார். ஓட்டலில் உட்கார்ந்து அவருக்கு இங்கிலாந்துப் பத்திரிகைகளை வாசித்துக்காட்டுகிறாள். ஒருநாள் காட்டுப்புறாக்களைப் பற்றிய கட்டுரை. வாசிக்க வாசிக்க மேண்டர்லியின் மரங்களும் மண்வாசமும் எழுந்துவருகின்றன. நிமிர்ந்தால் அவர் முகம் வெளுத்திருக்கிறது. அவசரமாகப் பக்கங்களைப் புரட்டுகிறாள். கண்ணில் பட்டது கிரிக்கெட் செய்தி. ஓவல் மைதானம், காய்ந்த பிட்ச், மிடில்செக்ஸ் அணி அலுக்க அலுக்க ரன் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அதை உரக்க வாசிக்கத் தொடங்குகிறாள்.